மெதுவாகச் செல்லும் பந்தயம்

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றவுடன் வேகம்தான் நம் நினைவுக்கு வருகிறது. சென்னையின் மேற்குப் புறநகர்களில் வாழ்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். ஆவடிக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்றால், இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்தைக் காணலாம். இரண்டு இடங்களிலும் முதலில் வருபவருக்கே பரிசு.

ஆனால், ஆளின் நடைவேகத்தில் சென்றாலே போதும் என்ற போட்டியும் ஒன்று உண்டு. அதற்கு ட்ரையல்ஸ் என்று பெயர். பாறைகள், ஓடைகள், சேறு, மரவேர்கள், செங்குத்தான சரிவுகள் ஆகியவற்றின் ஊடே சிறு சிறு பகுதிகளாகத் தடம் குறிக்கப்பட்டிருக்கும். ஓட்டுபவர் ஒவ்வொரு பகுதியையும் காலைத் தரையில் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை கால் பட்டால் 1 புள்ளி. பலமுறை பட்டால் 3 புள்ளி. வண்டி நின்றுவிட்டாலோ விழுந்துவிட்டாலோ 5 புள்ளி. இவை தண்டனைப் புள்ளிகள். ஆகவே யாருக்குக் குறைந்த புள்ளியோ, அவரே வெற்றி பெற்றவர். இவ்வகைப் போட்டிகளில் புகழ்பெற்ற ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டி, 1909இல் தொடங்கிய மரபைச் சேர்ந்தது.

வேகமாகச் செல்லும் வண்டியைச் செய்வது கடினம் என்பது நமக்குத் தெரியும். மெதுவாகச் செல்லும் வண்டியைச் செய்வதும் அதே அளவு கடினம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

திருவொற்றியூர் புல்லட்டின் முன்னோர்

நம் தெருக்களில் ஓடும் பழைய புல்லட்டுக்கும் இப்போட்டிக்கும் நெருங்கிய உறவு உண்டு. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம், பின்சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் பொருத்திய புதிய புல்லட்டை 1948இல் ஒரு ட்ரையல்ஸ் போட்டியில்தான் முதலில் வெளிக்காட்டியது. அந்நாளில் போட்டி வண்டிகளின் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகவே பொருத்தப்பட்டிருக்கும். அதுவே நல்லது என்று பலரும் நம்பினர். 1952இல் ஜானி பிரிட்டன் என்பவர் 346 கன செ.மீ. புல்லட்டில் ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியை வென்றார். 1957இல் மீண்டும் வென்றார். பழைய நம்பிக்கை தகர்ந்தது.

காரணம் எளிது. கல்லின் மேல் துள்ளும் சக்கரம் ஒரு கணம் அந்தரத்தில் இருக்கும். அந்தக் கணத்தில் தரை சக்கரத்தின் மேல் செலுத்தும் எதிர்விசை சுழி. எதிர்விசை இல்லையேல் உராய்வும் இல்லை. உராய்வு இல்லையேல் வண்டியைத் தள்ளும் விசையும் இல்லை. சுருள்வில்லோ சக்கரத்தைத் தரையோடு அழுத்தி வைத்திருக்கிறது.

1955இல் இந்த நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தில் 1970இல் உற்பத்தி நின்றுபோன பிறகும் இங்கே புல்லட் தொடர்ந்து பிறந்தது. 1977 முதல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது! அங்கே அதை வாங்கி, கழற்றி, ட்ரையல்ஸ் வண்டியாக மாற்றியவர்களும் உண்டு. 2019இல் நிறுவனமே அந்த மரபை நினைவூட்டும் வகையில் ‘புல்லட் ட்ரையல்ஸ்’ என்ற பெயரில் வண்டியை வெளியிட்டது.

இன்று பிரிட்டனில் 1965க்கு முந்தைய வண்டிகளுக்கென்றே தனிப் போட்டிகள் நடக்கின்றன. ஏன் 1965? சாம்மி மில்லர் என்ற வீரர் 497 கன செ.மீ. ஏரியல் வண்டியில் 1962, 1964 ஆகிய ஆண்டுகளில் ஸ்காட்லாந்துப் போட்டியை வென்றார். அவர் அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி, எடையைச் சுமார் 110 கிலோவுக்குக் குறைத்திருந்தார். 1965இல் அவரே புல்டாகோ என்ற ஸ்பெயின் நாட்டு இரண்டு வீச்சு வண்டிக்கு மாறி வென்றார். அதன் எடை 100 கிலோவுக்கும் குறைவு. கனமான பிரிட்டிஷ் வண்டிகளின் காலம் அத்துடன் முடிந்தது. அவற்றைப் போற்றி ஓட்டுவதற்காகவே பின்னாளில் இப்பழம்போட்டிகள் தோன்றின.

சாலையில் ஓட்டுவதற்கென அமைந்த பழைய புல்லட் ஒன்றைப் போட்டிக்காக மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். எதை மாற்ற வேண்டும்? ஏன்?

முதல் மாற்றம்: பல்சக்கரம்

இஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்றுகள் சுற்றுகிறது. முதல் கியரில் இஞ்சின் 16 முறை சுற்றினால் பின்சக்கரம் ஒருமுறை சுற்றும் என்று கொள்வோம். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்கு 62.5 முறை சுற்றும். சக்கரத்தின் ஆரம் 0.32 மீட்டர் எனில் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். எனவே வண்டி நிமிடத்துக்கு 125 மீட்டர், அதாவது மணிக்கு 7.5 கி.மீ. செல்லும். பாறைகளுக்கு நடுவே இது அதிக வேகம். இதற்கும் கீழே இறங்கினால் இஞ்சின் திணறும்.

பின்சக்கரத்திலுள்ள செயின் பல்சக்கரத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால் விகிதம் 16இலிருந்து 24 ஆகும். வேகம் மணிக்கு 5 கி.மீ. ஆகக் குறையும். இது நாம் நடக்கும் வேகம். கூடவே தள்ளும் விசையும் ஒன்றரை மடங்காகிறது. இஞ்சினின் திருப்புத்திறன் 20 நியூட்டன் மீட்டர் எனில், முன்பு சக்கர விளிம்பில் கிடைத்தது 1000 நியூட்டன். இப்போது 1500 நியூட்டன். பல்சக்கரம் ஆற்றலை உண்டாக்கவில்லை. வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குகிறது. இதற்கான விலை, நெடுஞ்சாலையில் இந்த வண்டியின் உச்ச வேகம் மூன்றில் இரண்டு பங்காகிவிடும்.

இரண்டாம் மாற்றம்: கனச்சக்கரம்

நான்கு வீச்சு இஞ்சினில் நான்கு வீச்சுகளில் ஒன்றுதான் ஆற்றல் தருவது. 1000 சுற்றுகளில் 500 வெடிப்புகள். அதாவது நொடிக்கு எட்டு. இரு வெடிப்புகளுக்கு இடையே இஞ்சினை ஓட்டுவது எது? ஃபிளைவீல் எனப்படும் கனச்சக்கரம். ஒருமுறை கோலால் சுழற்றிவிட்டபின் குயவரின் சக்கரம் நெடுநேரம் சுற்றுவதைப் போன்றதே இதுவும்.

சுழலும் பொருளின் இயக்க ஆற்றல் ½Iω² என்பதை மேல்வகுப்பு மாணவர்கள் அறிவீர்கள். சுழற்சி வேகத்தின் இருமடி அதில் வருவதைக் கவனியுங்கள். 3000 சுற்றுகளில் உள்ள ஆற்றலில் ஒன்பதில் ஒரு பங்குதான் 1000 சுற்றுகளில் இருக்கும். ஆகவே மெதுவாகச் சுற்றும் இஞ்சினுக்குத்தான் கனமான சக்கரம் வேண்டும். ட்ரையல்ஸ் வண்டிகளில் இதன் விளிம்பில் உலோக வளையம் சேர்ப்பது உண்டு. மையத்தில் சேர்ப்பதைவிட விளிம்பில் சேர்ப்பது சிறந்தது. ஏனெனில் நிலைமத் திருப்புத்திறன் ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது. இதற்கான விலை, ஆக்சிலரேட்டரை முறுக்கியதும் வண்டி பாயாது.

மூன்றாம் மாற்றம்: டயர்

வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ, அதாவது சுமார் 2000 நியூட்டன் எடை என்போம். 1500 நியூட்டன் விசையால், கணக்கின்படி 48 பாகைச் சரிவில்கூட ஏறலாம். உண்மையில் ஏற முடியாது. டயருக்கும் பாறைக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.6 எனில், எடை முழுவதும் பின்சக்கரத்தின் மேல் இருந்தாலும் சுமார் 31 பாகைக்கு மேல் சக்கரம் வழுக்கிச் சுழலும். ஆகவே இங்கே பற்றாக்குறை விசைக்கு அல்ல, பிடிமானத்துக்குத்தான். ட்ரையல்ஸ் கலையின் சாரமே இதுதான்.

சாலையில் பின்டயரின் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 28 பவுண்டு அளவில் இருக்கும். ட்ரையல்ஸில் 5 பவுண்டு அளவுக்கே காற்று அடைப்பார்கள். பஞ்சர் கடைக்காரர் பார்த்தால் காற்றே இல்லை என்பார்! பின்சக்கரம் 1200 நியூட்டன் சுமப்பதாகக் கொண்டால், 28 பவுண்டில் தரையைத் தொடும் பரப்பு சுமார் 62 சதுர செ.மீ.; 5 பவுண்டில் கணக்கின்படி சுமார் 350 சதுர செ.மீ. டயரின் சுவரும் ஓரளவு எடையைத் தாங்குவதால் உண்மைப் பரப்பு இதைவிடக் குறைவாக இருக்கும். ஆயினும் வேறுபாடு பெரிது.

“உராய்வு பரப்பைப் பொறுத்ததல்ல என்றல்லவா படித்தோம்?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அவ்விதி விறைப்பான, வறண்ட பரப்புகளுக்கு ஏறத்தாழப் பொருந்துவது. ரப்பர் அப்படிப்பட்டதல்ல. தளர்ந்த டயர் கல்லின் முனைகளைச் சுற்றி வளைந்து, பற்கள் பொருந்துவதுபோல் அதைப் பற்றிக்கொள்கிறது. இதற்கான விலை, காற்றுக் குறைந்த டயர் ரிம்மின் மேல் நழுவி, டியூபின் வால்வைப் பிய்த்துவிடலாம். அதைத் தடுக்க டயரின் ஓரத்தை ரிம்மோடு இறுக்கும் தனிப் போல்ட்டுகளைப் பொருத்துகிறார்கள்.

நான்காம் மாற்றம்: நிற்கும் இடமும் திரும்பும் கோணமும்

ட்ரையல்ஸ் வீரர் இருக்கையில் அமர்வதில்லை. கால்மிதிகளின் மேல் நின்றே ஓட்டுகிறார். நின்றால் ஈர்ப்பு மையம் கீழே இறங்கும் என்று சிலர் சொல்வது தவறு. அது மேலே ஏறுகிறது. பின் ஏன் நிற்க வேண்டும்? ஒரு பென்சிலை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள், உடனே சாய்ந்துவிடும். நீண்ட கம்பு ஒன்றை நிறுத்துங்கள். கையை அசைத்து அசைத்து நெடுநேரம் நிறுத்தலாம். உயரமானது மெதுவாகவே சாய்கிறது. நீளம் நான்கு மடங்கானால் சாயும் நேரம் இரண்டு மடங்காகும். அந்த நேரத்துக்குள் நாம் திருத்திக்கொள்கிறோம். மேலும், நிற்கும்போது வண்டி ஒருபுறம் சாய்ந்தாலும் உடலை மறுபுறம் சாய்த்து ஈடுசெய்யலாம், முழங்கால்களே சுருள்வில்லாகின்றன.

கால்மிதிகளைச் சற்றுப் பின்னால் நகர்த்தினால் பின்சக்கரத்தில் எடை கூடிப் பிடிமானம் வளரும். அளவு மீறினால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கி, வண்டி மல்லாந்துவிடும்.

அடுத்தது திரும்புதல். சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 1.35 மீட்டர் எனில், முன்சக்கரத்தை 30 பாகை திருப்பினால் 2.7 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் அது செல்லும். 45 பாகை திருப்பினால் 1.9 மீட்டர் போதும். இதற்காகவே ஹேண்டில்பார் இடிக்காதபடி பெட்ரோல் டாங்கியை ஒடுக்கமாக்குகிறார்கள்.

ஐந்தாம் மாற்றம்: எடை

இரும்பு மட்கார்டுக்குப் பதில் அலுமினியம் பொருத்தினால் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். ஆனால் அலுமினியத்தின் விறைப்பும் அதே அளவு குறையும். எனவே எல்லா இடத்திலும் அதைப் பயன்படுத்த இயலாது. சட்டத்துக்கு எஃகுக் குழாயே சிறந்தது. 20 மி.மீ. விட்டமுள்ள திண்மக் கம்பியையும், அதே எடையுள்ள 32 மி.மீ. வெளிவிட்டக் குழாயையும் ஒப்பிட்டால், குழாய் வளைவதை நான்கு மடங்குக்கு மேல் எதிர்க்கிறது. உலோகம் அச்சிலிருந்து விலகி இருப்பதே காரணம். ஆவடியில் குழாய்த் தொழிற்சாலையும் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையும் 1950களில் அடுத்தடுத்து எழுந்ததில் வியப்பில்லை. சைக்கிளின் உயிரே குழாய்தான்.

எங்கே நிறுத்துவது?

ஐந்து மாற்றங்களையும் பார்த்தோம். ஒவ்வொன்றும் ஒன்றைத் தந்து ஒன்றை எடுத்துக்கொண்டது. எல்லா உறுப்புகளையும் புதிய உலோகங்களில் செய்து மாற்றிவிட்டால், எஞ்சியிருப்பது பழைய வண்டியா? பழம்போட்டிகளை நடத்துபவர்களைத் தொடர்ந்து வாட்டும் கேள்வி இது. டிஸ்க் பிரேக் போன்ற பிற்கால உறுப்புகளுக்கு இடமில்லை என விதி வகுத்து, வண்டியைச் சோதித்த பிறகே சேர்த்துக்கொள்கிறார்கள். இல்லையேல் அதிகப் பணம் செலவிடுபவரே வெல்வார். ஓட்டும் திறமைக்கு மதிப்பிராது.

நம் தெருக்களிலும் மாற்றியமைத்த புல்லட்டுகள் ஓடுகின்றன. பெரும்பாலும் மாற்றப்படுவது சைலன்சர். கூடுவது ஓசை மட்டுமே. பதிவு செய்த வண்டியின் அடிப்படை விவரங்கள் மாறும்படி அதை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ட்ரையல்ஸ் வண்டிக்குரிய இடம் பொதுச்சாலை அன்று, மூடிய திடல். கியர் வண்டியை ஓட்ட 18 வயதும் உரிமமும் வேண்டும்.

அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி விளையாட்டு விழாவில் ‘ஸ்லோ சைக்கிள்’ போட்டி நடக்குமே, அதுவே உங்கள் ஆய்வுக்கூடம். திடலில் 10 மீட்டர் நீளமும் 50 செ.மீ. அகலமும் உள்ள பாதையைச் சுண்ணாம்பால் குறியுங்கள். கால் ஊன்றாமல் கடக்க ஆகும் நேரத்தை அளவிடுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: இருக்கையை உயர்த்தியும் தாழ்த்தியும், டயரில் காற்றைக் கூட்டியும் சற்றுக் குறைத்தும், முன்சக்கரத்தைப் பார்த்தும் பாதையின் முடிவைப் பார்த்தும் ஓட்டுங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஐந்து முறை அளந்து சராசரி காணுங்கள். பழக்கத்தால் வரும் முன்னேற்றத்தையும் மாற்றத்தால் வரும் முன்னேற்றத்தையும் எப்படிப் பிரித்தறிவது என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். சைக்கிளை மாற்றுவதைவிட அது கடினமான வேலை.