குறுகிய ஆட்டத்தில் வெல்வது திறமையா, அதிர்ஷ்டமா?

மாணவர்களே, அண்மையில் என் படிவம் நான்கு வகுப்பில் ஒரு வாக்குவாதம். “விரைவு ஆட்டத்தில் தோற்றால் அது வெறும் அதிர்ஷ்டம்தான், சார்” என்றான் ஒருவன். “தோற்றவன் சொல்லும் சாக்கு!” என்றாள் தோழி. யார் சொன்னது சரி? கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

வேலரண்ட் விளையாட்டின் வழக்கமான ஆட்டத்தில் வெற்றிக்கு 13 சுற்றுகள் வேண்டும். ‘ஸ்விஃப்ட்பிளே’ எனும் விரைவு ஆட்டத்திலோ 5 போதும். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் 16ஆக இருந்த இலக்கு, 2023இல் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 வந்தபோது 13ஆகக் குறைந்தது. ஆட்டம் சுருங்கியதால் திறமைக்கு மதிப்பு குறைந்துவிட்டதா?

உங்கள் குழு சற்றுத் திறமையானது. ஒரு சுற்றில் வெல்லும் நிகழ்தகவு 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒரே சுற்றுதான் ஆட்டம் என்றால் 100 ஆட்டங்களில் 40 தோல்வி வரலாம். இலக்கு 5 சுற்றுகள் என்றால் ஏறத்தாழ 73 ஆட்டங்களில் வெல்வீர்கள். இலக்கு 13 என்றால் 85. 16 என்றால் 87.

கவனித்தீர்களா? 5இலிருந்து 13க்குப் போனால் 12 வெற்றிகள் கூடுகின்றன. 13இலிருந்து 16க்குப் போனால் இரண்டே இரண்டுதான்! ஆகவே, 16ஐ 13 ஆக்கியதில் நேரம் மிச்சம், இழப்பு சிறிது. 13ஐ 5 ஆக்கினால் அதிர்ஷ்டத்தின் பங்கு நன்றாகவே கூடுகிறது.

உண்மை ஆட்டத்தில் முந்தைய சுற்றின் முடிவு அடுத்த சுற்றையும் பாதிக்கும். எனவே, இவை தோராயமான எண்களே. ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவீட்டை நம்பாமல் பலமுறை அளந்து சராசரி எடுக்கிறோமே, அதே காரணம்தான் இங்கும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு பையில் 6 சிவப்பு, 4 நீலக் காகிதத் துண்டுகளைப் போடுங்கள். பார்க்காமல் ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, மீண்டும் உள்ளே போட்டுக் குலுக்குங்கள். முதலில் 5 முறை வரும் நிறம் எது? 13 முறை வரும் நிறம் எது? பலமுறை செய்து ஒப்பிடுங்கள்.

அப்படியானால், அந்த இருவரில் யார் சொன்னது சரி? ஒரு விரைவு ஆட்டத்தில் தோற்றதற்கு அவன் சொன்ன காரணம் பொருந்தலாம். தொடர்ந்து இருபது ஆட்டங்களில் தோற்றுவிட்டு அதையே சொன்னால், அவள் சொன்னதுதான் சரி. ஒரு தோல்வியை வைத்து உங்களை எடை போடாதீர்கள். பல தோல்விகளை அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டாதீர்கள். தேர்வு மதிப்பெண்களுக்கும் இது பொருந்தும்!