பன்றி வேட்டைக்குப் போகுமுன்: சந்தேகங்களும் விளக்கங்களும்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர்காஜா பக்கத் தோட்டங்களில் பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்யும் வருடம் வந்தால், பன்றிப் பேச்சும் கூடவே வந்துவிடும். ராத்திரி வந்த கூட்டம் செம்பனைக் கன்றின் அடியைக் கிளறி, கன்றைச் சாய்த்து, குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கும். காலையில் மண்டோர் சாய்ந்த கன்றுகளை எண்ணுவார். மாலையில் கடையில் தேநீர் குடிக்கும்போது யாராவது ஒருவர், "ஒரு செனாப்பாங் மட்டும் இருந்தா..." என்று தொடங்குவார். பக்கத்தில் இருக்கும் இளைஞர்களுக்கு ஆசை பிடித்துவிடும்.

ஆசையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அதற்குக் கிடைக்கும் ஆலோசனைதான் பெரும்பாலும் முப்பது வருடப் பழசு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் போய், 2010-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 716-ஆவது சட்டம் என்பார்கள். 2022-இல் அதுவும் திருத்தப்பட்டு இன்னும் கடுமையாகிவிட்டது. புதிதாக இறங்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

காட்டுப்பன்றி பயிரை நாசமாக்கும் விலங்குதானே? அதை அடிக்க எதற்கு அனுமதி?

பெரும்பாலான தவறுகள் இந்த நினைப்பில்தான் தொடங்குகின்றன. 716-ஆவது சட்டத்தின் முதல் அட்டவணையில், பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலில், காட்டுப்பன்றியும் இருக்கிறது. இங்கே 'பாதுகாக்கப்பட்டது' என்றால் தொடவே கூடாது என்று பொருளல்ல. லைசென்ஸ் இல்லாமல் வேட்டையாடவோ வைத்திருக்கவோ கூடாது என்பதுதான் பொருள். தொடவே கூடாதவை இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன: புலி, எறும்புத்தின்னி போன்றவை.

எண்ணிக்கை பெருகிவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். பக்கத்து நெகிரி செம்பிலானில் பாசோ காட்டை ஆராய்ந்தவர்கள், 1996-இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். இயற்கைக் காட்டில் காணக்கூடிய எண்ணிக்கை அல்ல இது. காட்டைச் சுற்றிலும் செம்பனை, அதன் அடியில் வருடம் முழுக்க உதிர்ந்து கிடக்கும் பழம், பன்றியைப் பிடித்துத் தின்னப் புலியும் இல்லை. பன்றியைப் பெருக வைத்தவர்கள் நாம்தான். ஆனாலும் பெருகிவிட்டது என்ற காரணத்துக்காக லைசென்ஸ் தேவைப்படாமல் போய்விடாது.

அப்படியானால் ஒரு லைசென்ஸ் எடுத்தால் போதுமா?

போதாது. துப்பாக்கிக்குத் தனி லைசென்ஸ். அதைக் கொடுப்பது போலீஸ். விலங்குக்குத் தனி லைசென்ஸ். அதைக் கொடுப்பது பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகா. ஒன்றைக் காட்டி மற்றொன்றைச் சமாளிக்க முடியாது. மூன்றாவது ஒன்றும் உண்டு, அதை யாரும் நினைப்பதே இல்லை: நிலத்துக்காரரின் அனுமதி.

மலாக்கா சுமார் 1,700 சதுர கிலோமீட்டர் கொண்ட சின்ன மாநிலம். காடு என்று சொல்ல அதிகம் இல்லை. இருக்கும் வனக் காப்பகங்களுக்குள் போக வன இலாகாவின் அனுமதிச் சீட்டு வேண்டும். மீதி எல்லாம் தோட்டம், கம்போங் நிலம், சிறுதோட்டக்காரர்களின் பழத்தோட்டம். எங்கே காலை வைத்தாலும் அது யாருடையதோ. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை ஏற்பது கொஞ்சம் கசக்கும். தாத்தா காலத்திலிருந்து நடந்த மண்தான், ஆனால் பத்திரம் கம்பெனி பேரில் இருக்கிறது. நிர்வாகியிடம் வாய்வார்த்தையாகக் கேட்டது போதாது, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சித்தப்பா பேரில் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது. அவர் கூடப் போனால் நானும் ஒரு வெடி வைக்கலாமா?

கூடாது. லைசென்ஸ் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாதவர் கையில் துப்பாக்கி இருந்தால் அதுவே குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம். கொடுத்த சித்தப்பாவும் மாட்டிக்கொள்வார். அவர் லைசென்ஸ் பறிபோவது நிச்சயம்.

ஆனால் சுடாமல் கூடப் போகலாம். ஆரம்பிப்பவர்களுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அனுபவசாலி எப்படி நடக்கிறார் என்று பாருங்கள். செனாப்பாங் பாத்தா என்று நாம் சொல்லும் மடக்குத் துப்பாக்கியை, ஓடையைத் தாண்டும்போதும் வேலியைக் கடக்கும்போதும் அவர் மடக்கித் திறந்துவிடுவார். தோட்டா வெளியே, குழல் தரையைப் பார்த்து. தள்ளி நிற்பவருக்கும் அது திறந்திருப்பது தெரியும். அவரும் பயமில்லாமல் நடப்பார். நல்ல வேட்டைக்காரர் இதை யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்துவிடும். மடக்காமல் ஓடையைத் தாண்டுகிறவரோடு இரண்டாம் முறை போகாதீர்கள், அவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும்.

புதர் அசைந்தது என்று சுட்டு, கூட வந்த நண்பரையே சாய்த்துவிட்ட செய்திகள் இந்நாட்டுப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. முழு உருவமும் கண்ணில் படாதவரை விரல் விசைக்குப் போகக்கூடாது.

ஏர்கன் பொம்மைத் துப்பாக்கி மாதிரிதானே? கைவேலைத் துப்பாக்கி?

ஏர்கன்னும் ஆயுதச் சட்டத்தில் ஆயுதம்தான். இணையத்தில் வாங்கினேன், தாய்லாந்திலிருந்து வந்தது என்பதெல்லாம் எடுபடாது. தண்ணீர்க் குழாயில் செய்த நாட்டுத் துப்பாக்கியின் கதை இன்னும் மோசம். 1971-ஆம் ஆண்டின் சுடுகருவிகள் (கூடுதல் தண்டனை) சட்டத்தில், சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி.

பன்றிக்காகச் செய்தேன் என்றால் விட்டுவிட மாட்டார்களா என்று கேட்பவர்கள், இந்தச் சட்டங்கள் எந்தக் காலத்தில் வேர்விட்டன என்று பார்க்க வேண்டும். 1948-இல் அவசரகாலம் வந்தபோது, அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தாலே தூக்கு என்று விதி போட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டது ஒரு துப்பாக்கி வைத்திருந்த குற்றச்சாட்டில்தான். அவசரகாலம் 1960-இல் முடிந்தது. அதே வருடம்தான் ஆயுதச் சட்டமும் வந்தது. துப்பாக்கி விஷயத்தில் இந்த நாட்டுக்கு இரக்கம் குறைவு. தமிழர்களுக்கு அது தெரியாத சங்கதி அல்ல.

துப்பாக்கி வேண்டாம், கண்ணி வைக்கலாமா? கரண்டுக் கம்பி?

இரண்டையும் விட்டுவிடுங்கள். கண்ணிக்கு 716-ஆவது சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது, தண்டனையும் கடுமை. கண்ணிக்கு எது பன்றி, எது சருகுமான், எது பக்கத்து வீட்டு நாய் என்று தெரியாது. மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பியில் செய்த கண்ணி காலை அறுத்துக்கொண்டு எலும்பு வரை போய்விடும். வைத்தவர் மறுநாள் வராவிட்டால் விலங்கு நாள்கணக்கில் அப்படியே கிடந்து சாகும். வேட்டை என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவது மனிதக் கொலைக்குச் சமம். விடியற்காலையில் டுரியான் பொறுக்கப் போனவர்கள் இப்படிச் செத்திருக்கிறார்கள்.

என் சொந்தச் சிறுதோட்டத்தையே அழிக்கிறது. அப்போதுமா கைகட்டி நிற்க வேண்டும்?

வேண்டாம். பயிருக்கும் வளர்ப்புப் பிராணிக்கும் கடும் சேதம் வரும்போது, நிலத்தின் சொந்தக்காரரோ அனுபவிப்பவரோ நடவடிக்கை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் முதலில் விரட்டிப் பார்க்க வேண்டும். சுட நேர்ந்தால் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். சுடும் துப்பாக்கியும் லைசென்ஸ் உள்ளதாக இருக்க வேண்டும். இந்த உரிமை நிலத்துக்காரருக்கு உரியது. நிர்வாகம் சொல்லாமல், தோட்டத்தில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் இதைத் தன் உரிமையாக நினைத்துக்கொள்ளக் கூடாது. துப்பாக்கி இல்லாதவர்கள் பெர்ஹிலித்தானில் புகார் கொடுக்கலாம்.

உடும்பு, முள்ளம்பன்றி, ருவாக்-ருவாக்?

நீர் உடும்பு, முள்ளம்பன்றி, வயல் ஓரத்தில் குழல் ஊதி வரவழைத்துப் பிடிக்கும் ருவாக்-ருவாக் கோழி என்று, லயன் வீட்டுப் பையன்கள் கவணோடு துரத்திய எல்லாமே இன்று ஏதாவது ஒரு பட்டியலில் இருக்கின்றன. மூலத்துக்கு உடும்புக்கறி, ஆஸ்துமாவுக்கு வௌவால் கறி என்ற வைத்தியமும் நீதிமன்றத்தில் செல்லாது. எறும்புத்தின்னியை யாராவது நல்ல விலைக்குக் கேட்டால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள். 2022 திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சட்டத்தின் உச்சத் தண்டனை பத்து லட்சம் வெள்ளி அபராதம், 15 ஆண்டு சிறை.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பரமேஸ்வரா வேட்டைக்கு வந்த இடத்தில், ஒரு சருகுமான் அவருடைய நாயை உதைத்து ஆற்றில் தள்ளியதாம்; அதைப் பார்த்துத்தான் அங்கே மலாக்கா நகரத்தை அமைத்தாராம். மாநிலச் சின்னத்தில் மலாக்கா மரத்தின் இரு பக்கமும் நிற்பது அந்தச் சருகுமான்தான். அதுவும் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது. இன்றைய பரமேஸ்வரா முதலில் பெர்ஹிலித்தான் கவுண்டரில் பாரம் நிரப்ப வேண்டியிருக்கும்.

ஓராங் அஸ்லி நண்பரோடு போனால் பிரச்சினை இல்லை என்கிறார்களே?

அவருக்குப் பிரச்சினை இல்லை; உங்களுக்கு உண்டு. பன்றி உட்பட, ஆறாம் அட்டவணையில் சொல்லப்பட்ட சில விலங்குகளை, பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் தங்கள் குடும்பத்தின் உணவுக்காக வேட்டையாடலாம். விற்கக் கூடாது, பண்டமாற்றும் கூடாது. நீங்கள் காசு கொடுத்து வாங்கினால் அந்த ஏழை மனிதரைத்தான் வழக்கில் மாட்டிவிடுகிறீர்கள்.

கறி விஷயத்தில் கவனிக்க வேண்டியது?

காட்டுப்பன்றி வருவலுக்கு நம்மவர்களிடம் இருக்கும் மவுசு தெரிந்ததே. ஆனால் 2021 டிசம்பரில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மலாக்காவுக்கும் வந்தது. மனிதர்களுக்கு அது தொற்றாது. பன்றிகளை மட்டும் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவிடும், தடுப்பூசி போட்டு மாநிலம் முழுக்கத் தடுத்துவிடவும் முடியாது. செத்த காட்டுப்பன்றியைத் தொட்ட பூட்ஸில், கத்தியில், வண்டிச் சக்கரத்தில் கிருமி ஒட்டிக்கொண்டு பண்ணைக்குப் போய்விடும். செத்துக் கிடக்கும் பன்றியைக் கண்டால் தொடாமல் கால்நடைச் சேவை இலாகாவுக்குச் சொல்லுங்கள். குடலையும் தோலையும் ஓடையில் வீசாதீர்கள், புதையுங்கள். கையில் வெட்டுக்காயத்தோடு சேற்றுத் தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். கறி உள்ளே சிவப்பு தெரியாத அளவுக்கு வேக வேண்டும், வேட்டைக்காரர்கள் தீயில் வாட்டிக் கடித்துக்கொள்ளும் வழக்கம் கெட்ட வழக்கம். கறியைக் கொண்டுவரும்போது அக்கம்பக்கத்தில் மலாய்க் குடும்பங்கள் இருப்பதையும் மறக்காமல், மூடிய பெட்டியில் கொண்டு வாருங்கள்.

சரி, எங்கிருந்துதான் தொடங்குவது?

துப்பாக்கியிலிருந்து தொடங்காதீர்கள் என்பது என் கட்சி. குறிபார்த்துச் சுடும் ஆசை இருந்தால் குறிசுடும் சங்கத்தில் சேருங்கள். அங்கே பயிற்றுநர் கண் எதிரில், சட்டத்துக்கு உட்பட்டு, ஏர் ரைபிளில் பழகலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் நின்றவர் நம் நாட்டு நூர் சுரியானி. பெண்பிள்ளைகளுக்கு இது ஆகாது என்பவர்களுக்கு அதற்கு மேல் பதில் தேவையில்லை.

காடும் தோட்டமும்தான் இழுக்கிறது என்றால் முதலில் தடம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். புதிதாகக் கிளறிய மண் ஈரமாகக் கறுத்திருக்கும். நேற்றையது வெளுத்து உதிரும். பன்றி புரண்ட சேறு, மரத்தில் முதுகைத் தேய்த்த இடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒட்டியிருக்கும். குளம்புத் தடத்தின் பின்னால் இரண்டு சின்னப் புள்ளிகள் விழுந்திருந்தால் பெரும்பாலும் அது பன்றி. இளஞ்செடிகளைக் கடித்து ஒடித்து மெத்தை போல் குவித்திருந்தால் அது குட்டி போடும் தாய்ப்பன்றியின் கூடு. வந்த வழியே திரும்பிவிடுங்கள். இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாம், நிலத்துக்காரரின் அனுமதி போதும்.

தூண்டில் இன்னும் எளிது. கட்டண மீன்குளத்தில் பழகிவிட்டு ஆற்றுக்குப் போகலாம். நீர்த்தேக்கங்களில் அனுமதி கேட்டுவிட்டு உட்காருங்கள். விராலுக்கும் தோமானுக்கும் பொறுமை போதும். கரண்டு, வெடி, விஷம் வைத்து மீன் பிடிப்பதை 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் தடை செய்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை இருந்தால், போலீஸ் நிலையத்தில் துப்பாக்கி லைசென்ஸ் பாரத்தைக் கேளுங்கள். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம், மறுப்பதே அதிகம். வேட்டை லைசென்ஸ் பற்றிக் கேட்கவும், தோட்டத்தில் கண்ணி கண்டால் சொல்லவும் பெர்ஹிலித்தான் தொலைபேசி எண்: 1-800-88-5151.