இடுப்பு நோவும் நரம்பமுக்கமும்

மனித உடலை நிமிர்த்தி நிறுத்தும் தூண் முள்ளந்தண்டாகும். முள்ளென்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பெற்ற இத்தூணினுள்ளே ஒரு கால்வாய் உண்டு. மூளையினின்று அதனூடே இறங்கும் முண்ணாண், இடுப்பின் மேற்பகுதியளவில் முடிவடைகின்றது. அதன்கீழ் நரம்புகள் குதிரைவால் மயிர்போலக் கற்றையாய்த் தொங்குகின்றன. கால்களின் இயக்கமும், இருக்கைப் பகுதியின் உணர்ச்சியும், மலசலத்தை அடக்கிக் கழிக்கும் ஆற்றலும் இக்கற்றையைச் சார்ந்தனவே.

முள்ளென்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த தட்டுப் பிதுங்கி நரம்பை அமுக்குதல் கூடும். இதனை 1934ஆம் ஆண்டில் மிக்சுரர், பார் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் உலகறிய விளக்கினர். புற்றுக்கட்டி, என்புமுறிவு, காசநோய் என்பனவும் அமுக்கத்தை விளைப்பன. முள்ளந்தண்டு கூனுதலோடு கால்கள் வலுவிழக்கும் நிலையை ஆங்கிலச் சத்திரவைத்தியர் பேர்சிவல் பொட் 1779ஆம் ஆண்டிலேயே எழுதினார். அது காசநோயின் விளைவென்பது பிற்காலத்தே தெளிவாயிற்று.

பசறை, நமுனுகுல, அப்புத்தளை, பண்டாரவளை மலைச்சரிவுகளிற் கொழுந்து பறிப்போர்க்கு இடுப்பு நோவு புதியதன்று. சரிவில் ஏறி இறங்குதலும், முதுகிற் சுமை தாங்குதலும் அவர்தம் அன்றாடத் தொழில். இந்நோவு பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். இடர் அங்கேதான் உள்ளது. நூறு சாதாரண நோவுகளுக்கிடையே கொடிய நோவொன்று தன்னை மறைத்துக்கொள்கின்றது.

அதனை அடையாளங்காட்டும் குறிகள் சில. குதிரைச் சேணத்திற் படியும் இருக்கைப் பகுதியும் தொடைகளின் உட்புறமும் மரத்துப்போதல் முதலாவது. சிறுநீர் கழிக்கத் தொடங்க இயலாமை, பை நிறைந்தமை தெரியாமை, அறியாமலே மலசலம் கசிதல் இரண்டாவது. இரு கால்களிலும் நோவு பரவுதலும், பாதம் இழுபட்டுச் செருப்புக் கழன்றதும் தெரியாதிருத்தலும் மூன்றாவது. கழுத்தில் அமுக்கம் நேரின் விரல்கள் தடுமாறும், கொழுந்து கிள்ளிய கை பொத்தானைப் பூட்டவும் இடர்ப்படும், நடையும் தள்ளாடும். காய்ச்சலோ உடல் மெலிவோ சேர்ந்த ஓயாத இராநோவு, காசநோயையோ புற்றையோ ஐயுறச் செய்வது. மரப்பு மிகுங்கால் நோவு குறைதலும் உண்டு. அது குணமன்று, நரம்பு சோர்வதன் அறிகுறி.

இக்குறிகள் காலத்தே வெளிப்படாமைக்குக் காரணங்கள் பல. கொழுந்து மலையில் மறைவிடமின்மையாற் சிறுநீரை அடக்கிப் பழகிய பெண்ணுக்கு, அது வாராமை பெரிதாய்த் தோன்றுவதில்லை. வீட்டாரும் அதனைச் சலக்கடுப்பு, உடற்சூடு என்று கொள்வர். வேலைக்குச் செல்லாவிடின் ‘பேர்’ விழாது. பேர் விழாவிடின் அன்றைய கூலியில்லை. எனவே முதலில் எண்ணெய்த் தேய்ப்பு, பின் தோட்ட மருந்துச்சாலையின் நோவு மாத்திரை, அதன்பின்னரே நகரம் என நாட்கள் கழிகின்றன. நகர வைத்தியசாலையிலும் மொழி குறுக்கிடும். உடன்சென்ற ஆடவர் ‘இடுப்பு நோவு’ என்ற ஒன்றையே மொழிபெயர்ப்பார். அவர்முன் அப்பெண் கூற நாணிய மற்றிரண்டுமே வைத்தியர் அறியவேண்டியவை.

பரிவால் நரம்புகள் அமுக்கப்பட்டால் நாட்கணக்கன்று, மணிக்கணக்கே பொருட்டாகும். எம்.ஆர்.ஐ. படத்தினால் அமுக்கத்தைக் கண்டு, விரைந்து சத்திரசிகிச்சை செய்தல் வேண்டும். 48 மணித்தியாலத்துள் அமுக்கம் நீங்கினோர் தாமதித்தோரினும் நன்கு தேறுகின்றனர் என ஆய்வாளர் பலர் கூறுவர். காலந்தாழ்த்தியோர் சிலர் வாழ்நாள் முழுதும் சிறுநீர்க் குழாயோடும் வலுவிழந்த காலோடும் இருக்க நேர்கின்றது.

ஆகவே மரப்பு, சிறுநீர்த் தடை, காற்சோர்வு ஆகியவற்றுள் ஒன்று புதிதாய்த் தோன்றினும் அன்றே பதுளை அரசினர் வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலையை அடைதல் வேண்டும். 2016ஆம் ஆண்டு தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த இலவச அம்புலன்சுச் சேவையை 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். தோட்டங்களிலிருந்து கல்விபெற வரும் மாணவர் இரு மொழியும் அறிந்தோராயின், அவர்தம் துணை மருந்திலும் பெரிது. அன்னையோ அக்காவோ இடுப்பு நோவென்று படுத்தால், மாணவியரேனும் அருகமர்ந்து, “மரத்திருக்கின்றதா? சிறுநீர் வழக்கம்போற் போகின்றதா?” என வினவுதல் வேண்டும். நாணத்தால் அடங்கிக் கிடந்த விடை அவ்வினாவினால் வெளிப்படின், ஒருவர் தம் கால்களால் நடந்து வாழும் வாழ்வு காக்கப்படும்.