ரெண்டு ஊரில் ரெண்டு 'ஸ்மால் கிராஸ் யெல்லோ'

இந்த எபிசோடில் இமேஜ் ரெகக்னிஷன் பற்றிப் பேசும்போது, 'லேபிள் தப்புன்னா மாடலும் தப்பு' என்று ஒரு வரியில் தாண்டிப் போயிட்டோம். அதுக்கு நல்ல உதாரணம் நம்ம பார்க்கிலேயே பறக்குது.

பாரமட்டா லேக் பக்கம் எடுத்த ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சிப் படத்தை மதுரையில் இருக்கிற சித்தப்பாவுக்கு அனுப்பினேன். 'ஸ்மால் கிராஸ் யெல்லோ' என்றும் போட்டேன். 'இங்கயும் இருக்குப்பா' என்று பதில் வந்தது. பேர்தான் இருக்கு, பூச்சி வேற! ஆஸ்திரேலியாவில் அந்தப் பேர் யூரிமா ஸ்மைலாக்ஸுக்கு. இந்தியாவில் அதே பேர் யூரிமா பிரிஜிட்டாவுக்கு. பிரிஜிட்டா ஆஸ்திரேலியாவிலும் உண்டு, வடக்கே அதிகம். ஆனா இங்கே அதை 'நோ-பிராண்ட்' என்பார்கள். ஆணின் இறக்கையில் வாசனைச் செதில் தழும்பு இல்லாததால் வந்த பேர், சூப்பர்மார்க்கெட் சரக்கு இல்லை. ரெண்டு நாட்டிலும் சகஜமா பறப்பது யூரிமா ஹெகாபே. இங்கே 'லார்ஜ்', அங்கே 'காமன்'. 1758இல் லின்னேயஸ் வெச்ச 'ஹெகாபே'தான் எங்கேயும் மாறாத ஐடி.

சரி, எப்படிப் பிரிப்பது? சைஸை நம்பாதீங்க, ஒரே இனத்திலேயே மாறும். ஹெகாபேயின் முன் இறக்கை மேல்பக்கத்தில் கறுப்பு ஓரம் இருக்கும். அதன் உள்விளிம்பில், யாரோ பிஸ்கட்டைக் கடிச்ச மாதிரி, மஞ்சள் ஆழமா உள்ளே போகும். ஸ்மைலாக்ஸிலும் பிரிஜிட்டாவிலும் அந்த ஆழமான கடி இல்லை. சிக்கல் என்னன்னா, இவை உட்கார்ந்ததும் இறக்கையை மூடிக்கொள்ளும். சூரியன் பூச்சிக்குப் பின்னால் வர்ற மாதிரி நின்னு பாருங்க, கறுப்பு ஓரம் நிழலா ஊடுருவித் தெரியும். இல்லைன்னா பறக்கும்போது பர்ஸ்ட் மோட்.

ஊருக்கு லீவில் போனா இன்னொரு வேலை இருக்கு. அங்கே முன் இறக்கையின் அடிப்பக்கத்தில், உடம்பை ஒட்டிய பகுதியில் புள்ளிகளை எண்ணணும். ரெண்டுன்னா ஹெகாபே, மூணுன்னா யூரிமா பிளாண்டா. பின் இறக்கை கொஞ்சம் மறைக்கும், பொறுமை வேணும். வறண்ட பருவத்தில் அடிப்பக்கப் பழுப்புத் திட்டும் கூடிப்போய்க் குழப்பும்.

ஐநேச்சுரலிஸ்ட் ஆப் முதலில் காட்டுற பேரை நான் யோசிக்காம தட்டினேன். இன்னொருத்தரும் அதையே தட்டினா போதும், மறுப்பு வராதவரை 'ரிசர்ச் கிரேடு'. அப்படிப்பட்ட படங்கள்தான் அடுத்த மாடலுக்கு டிரெயினிங் டேட்டா. மெஷின் சொன்னதை நான் திருப்பிச் சொல்ல, அதையே மெஷின் மறுபடி படிக்கும்.

நேத்து அந்தப் படத்தை ஜூம் பண்ணிப் பார்த்தேன். இறக்கை மூடியிருக்கு, வெளிச்சமும் என் முதுகுப் பக்கம். வெறும் 'யூரிமா' என்று மாத்திட்டேன். சித்தப்பாவுக்கும் சொல்லியாச்சு.