போன் அலறினால் பதற வேண்டாம்: அவசர எச்சரிக்கைச் சோதனை – சந்தேகங்களும் விளக்கங்களும்

2023 அக்டோபர் 20 அன்று தமிழகம் முழுவதும் செல்போன்கள் திடீரென்று அலறின. எங்கள் தெரு ரேஷன் கடை வரிசையில் நின்ற பாட்டி ஒருவர், இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்ததும் "ஐயோ, வெடிக்கப்போகுது" என்று அதைக் கீழே போட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற பையன் எடுத்துப் படித்து, "சோதனைதான் பாட்டி, ஒண்ணும் செய்ய வேண்டாம்னு போட்டிருக்கு" என்ற பிறகுதான் வாங்கிக்கொண்டார். தொலைத்தொடர்புத் துறையும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் சேர்ந்து நடத்திய சோதனை அது. ஆனாலும் சந்தேகங்கள் தீரவில்லை.

என் நம்பர் அரசுக்கு எப்படித் தெரிந்தது? நம்மைக் கண்காணிக்கிறார்களா?

இதற்கு நம்பரே வேண்டாம். 'செல் பிராட்காஸ்ட்' என்பது கோயில் ஒலிபெருக்கி மாதிரி. டவர் சொல்லும், அதன் எல்லைக்குள் இருக்கும் போன்கள் எல்லாம் கேட்கும். யார் கேட்டார்கள் என்பது டவருக்குத் தெரியாது. வெளியூரிலிருந்து வந்தவர் போனும் அலறும்.

எஸ்எம்எஸ் போதாதா?

எஸ்எம்எஸ் ஒவ்வொரு நம்பராகப் போக வேண்டும். லட்சம் பேருக்கு அனுப்புவதற்குள் நேரம் போய்விடும். ஆபத்து நேரத்தில் எல்லோரும் போன் செய்வதால் நெட்வொர்க்கும் திணறும். முன்கூட்டிய சேதி எவ்வளவு முக்கியம் என்பதைச் சுனாமி காட்டியது. 2004 டிசம்பர் 26 காலை நம் நேரப்படி 6.28-க்கு சுமத்ரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. நாகப்பட்டினக் கரையில் அலை ஏற 2 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-ல்தான் ஐதராபாத்தில் வந்தது. மையத்துக்குத் தெரிந்த சேதி மீனவர் குப்பத்துக்கும் போய்ச் சேர்ந்தால்தான் உயிர் பிழைக்கும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

எந்த போனில் வராது?

அணைத்து வைத்த போன், ஏர்பிளேன் மோடில் உள்ள போன், டவர் தொடர்பில்லாமல் வைஃபையில் மட்டும் ஓடும் போன். சைலன்ட்டில் இருந்தாலும் பெரும்பாலான போன்களில் சத்தம் வரும், இன்டர்நெட் தேவையில்லை. டவர் எட்டாத ஆழ்கடலில் இது உதவாது. மீனவர்கள் வயர்லெஸ்ஸைக் கைவிடக் கூடாது.

லிங்க்கைத் தொடச் சொன்னால், ஓடிபி கேட்டால்?

அது மோசடி. எச்சரிக்கை எதையும் திருப்பிக் கேட்காது.

சத்தம் வேண்டாம் என்று அணைத்துவிடலாமா?

பல போன்களில் செட்டிங்ஸில் 'வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்' என்ற இடத்தில் முடியும். ஆனால் செய்யாதீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: வீட்டில் அடி உதைக்கு அஞ்சி ரகசியமாக ஒரு போன் வைத்திருக்கும் பெண்கள். சத்தம் அந்த போனைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரிட்டனில் 2023 ஏப்ரல் சோதனைக்கு முன்பே பெண்கள் அமைப்புகள் இந்த ஆபத்தை எடுத்துக் கூறின. அப்படிப்பட்டவர்கள் எச்சரிக்கையைத் தயங்காமல் அணைத்து வைக்கலாம்.

மற்றவர்கள் இன்றே வீட்டுப் பெரியவர்களின் போனை வாங்கி, எச்சரிக்கை 'ஆன்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077. இரண்டையும் அவர்கள் கண்ணில் படும் இடத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.