12 வயதுக்குப் பிறகு யார் பார்ப்பது?

நல்ல சமாரியர் உவமையில் நாம் அதிகம் சிந்திக்காத ஒரு பகுதி உண்டு. அடிபட்டவரைச் சாவடியில் சேர்த்த சமாரியர், மறுநாள் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, கவனித்துக்கொள்ளச் சொல்லி, திரும்பி வருவதாக வாக்களித்த பிறகே புறப்படுகிறார். கடுமையாக நோயுற்ற பிள்ளைகள் வளரும்போது அவர்களுக்கும் இத்தகைய ஒப்படைப்பு தேவைப்படுகிறது.

தசைச்சிதைவு நோய், தலசீமியா போன்றவற்றோடு பிறக்கும் பிள்ளைகளில் பலர் முன்பு சிறுவயதிலேயே இறந்தனர். இன்று பலர் இருபது வயதைத் தாண்டுகின்றனர். இவர்களுக்குத் துணைநிற்பது நோய் ஆதரவு சிகிச்சை. இது கடைசி நாள்களுக்கு மட்டும் உரியதல்ல. நோய் தெரிந்த நாள் முதல் வலி, மூச்சுத்திணறல், பயம், குடும்பத்தின் சோர்வு ஆகியவற்றைத் தணிக்கும் பராமரிப்பு இது.

காட்டுப்பள்ளி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பகுதிகளில் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி வாழும் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். பிள்ளைக்குப் பெரிய நோய் என்றால் புறநகர் ரயிலேறி எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குச் செல்வார்கள். அங்கே பொதுவாக 12 வயது வரைதான் பார்ப்பார்கள். பிறகு பொது மருத்துவமனை. இதயத்துக்கு ஒரு பிரிவு, நுரையீரலுக்கு ஒரு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகும். பிள்ளையை அறிந்த மருத்துவரும் இல்லை. இங்கேதான் சிகிச்சை பாதியில் நின்றுபோகும் ஆபத்து உள்ளது.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் ஓர் ஆங்கிலிக்கன் அருட்சகோதரி 1982இல் தொடங்கிய ஹெலன் இல்லமே உலகின் முதல் குழந்தைகள் ஹாஸ்பிஸ். வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பொருந்தவில்லை என்று கண்டு, 2004இல் இளையோருக்காக டக்ளஸ் இல்லம் திறக்கப்பட்டது. நிதிப் பற்றாக்குறையால் 2018இல் அதுவும் மூடப்பட்டது. வசதியுள்ள நாட்டிலேயே இந்த இடைவெளி முழுமையாக நிரம்பவில்லை.

நாம் என்ன செய்யலாம்? மாற்றத்திற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே ஆயத்தம் தொடங்க வேண்டும். நோய் விவரம், மருந்துகளின் அளவு, ஒவ்வாமை, எப்படிப் படுத்தால் மூச்சு எளிதாகும் என்பவற்றை ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும். பழைய மருத்துவரிடம் புதியவருக்குக் கடிதம் கேட்டுப் பெற வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நோய் ஆதரவு சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம்.

பிள்ளையின் குரலையும் கேட்போம். 18 வயது நிறைந்தால் சிகிச்சைக்குச் சம்மதம் தர வேண்டியவர் அவரே. பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்டக் குழு வழியாகப் பெற்றோர் சட்டப் பாதுகாவலர் ஆகலாம்.

பங்கிலும் நமக்குக் கடமை உண்டு. நோயில்பூசுதல் சாகும் நேரத்துக்கு மட்டுமான அருளடையாளம் அல்ல என்பதை இக்குடும்பங்களுக்குச் சொல்வோம். புதிய மருத்துவமனைக்கு முதன்முறை செல்லும் நாளில், அன்பியத்திலிருந்து ஒருவர் விடுப்பு எடுத்து உடன் செல்லட்டும். அடுத்த முறையும் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பட்டும்.