மாடிக்கு ஏறிய எருக்குழி

பெங்களூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், காவிரித் தண்ணீர் வருகிறதா, கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்பதையெல்லாம் தரகர் நாம் கேட்காமலே ஒப்பிப்பார். குப்பை எங்கே போகிறது என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. 2012-இல் ஊரே சேர்ந்து அதைக் கேட்க வேண்டி வந்தது. நகரத்தின் குப்பையை வருடக்கணக்கில் சுமந்த மாவள்ளிபுரா கிராமத்தார் இனி முடியாது என்று நின்றார்கள். அங்கே கொட்டுவது நின்றதும் சுமை மண்டூர் கிராமத்தாரின் தலையில் ஏறியது. அவர்களும் போராடி, 2014 கடைசியில் அந்தக் கிடங்கையும் மூட வைத்தார்கள். நடுவில், தோட்ட நகரம் என்று பெயர் வாங்கிய ஊரின் தெருமுனைகளில் குப்பை மலையாகக் குவிந்தது.

அந்த நெருக்கடிக்கு ஆறு வருடம் முன்பே, 2006-இல், இதே ஊரில் பூனம் பீர் கஸ்தூரி ‘டெய்லி டம்ப்’ நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் படித்தவர் அவர். பொருள்களை வடிவமைப்பதுதான் அவர் தொழில். நகரத்துக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறையிலிருந்து வருகிற ஈரக் குப்பை. அது வீட்டு வாசலைத் தாண்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசித்தவர், குயவர்களைக் கொண்டு சுடுமண்ணில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும் மூன்று பானைகளைச் செய்தார். ‘கம்பா’ என்று பெயர்.

என் மாமியார் அதை முதலில் பார்த்துவிட்டுச் சொன்னது: “எங்க ஊர்ல இதுக்கு எருக்குழின்னு பேரு. இதையுமா காசு குடுத்து வாங்குவா?” தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கொல்லை உள்ள வீட்டில்தானே எருக்குழி? மூன்றாம் மாடியில், துணி காயப்போடவே இடம் போதாத பால்கனியில், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நாலடி தள்ளி அதை வைத்தாக வேண்டும். நாறக் கூடாது, ஒழுகக் கூடாது, வருகிற விருந்தாளி முகம் சுளிக்கக் கூடாது. வடிவமைப்பாளருக்கு வேலை இருந்தது அங்கேதான்.

மேல் பானையில் தினமும் காய்த்தோல், காப்பித் தூள், வதங்கிய கீரை எல்லாம் விழும். ஒவ்வொரு முறையும் மேலே ஒரு கை தென்னை நார்த்தூள். அது நிறைந்ததும் நடுப் பானையோடு இடம் மாற்ற வேண்டும். நிறைந்தது நடுவில் இருந்து மக்கும். காலியானது மேலே வந்து நிறையத் தொடங்கும். பாதி மக்கியது கடைசியில் அடிப் பானைக்கு இறங்கி அங்கே முழு உரமாகும். எல்லாம் முடிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பானையின் பக்கங்களில் துளைகள் உண்டு. சுடுமண்ணும் ஈரத்தை மெல்ல இழுத்து வெளியே விடும். மின்சாரம் கிடையாது, பொத்தான் கிடையாது.

நாற்றம் ஏன் வருவதில்லை என்று கேட்காதவர் இல்லை. மக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்குக் காற்றும் அளவான ஈரமும் வேண்டும். தீனியில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு இருபத்தைந்து முப்பது பங்கு கரிமம் இருந்தால் அவை மகிழ்ச்சியாக வேலை செய்யும். சமையல் கழிவில் நைட்ரஜனும் தண்ணீரும் அதிகம், கரிமம் குறைவு. நார்த்தூளோ காய்ந்த சருகோ அந்தக் கணக்கைச் சரிக்கட்டுகிறது. காற்றை அடைத்துவிட்டால் வேறு வகை நுண்ணுயிர்கள் புகுந்துவிடும். நாற்றமும் மீத்தேனும் அவற்றின் கைங்கரியம். குப்பைக் கிடங்கில் நடப்பது அதுதான். நூறு வருடக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடேற்றும். எரியவும் செய்யும்; சென்னை பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் புகைந்ததை அந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பானைக்குள் சில சமயம் வெள்ளைப் புழு நெளியும். எங்கள் வீட்டில் அலறல் கேட்பது அப்போதுதான். பெரும்பாலும் அவை குப்பையைத் தின்று தீர்க்கிற ஈயின் புழுக்கள். ஈரம் கூடிப்போச்சு என்று அவை சொல்கின்றன, அவ்வளவுதான். இன்னும் இரண்டு கை நார்த்தூள், கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு, அடியோடு ஒரு கிளறல்.

எனக்குப் பானையைவிட அதன் பின்னால் உள்ள வியாபாரம் சுவையாகப் படுகிறது. டெய்லி டம்ப் தன் வடிவத்தைப் பூட்டி வைக்கவில்லை. ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ முறையில் வெளியிட்டு, வேறு ஊர்க்காரர்கள் இதைப் பார்த்துச் செய்து அவரவர் ஊரில் விற்கலாம் என்றது. காப்புரிமை வாங்கத் துடிக்கிற ஸ்டார்ட்அப் உலகத்தில் இது பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும். யோசித்தால் நல்ல கணக்குதான். மண்பானையை லாரியில் ஏற்றி ஆயிரம் கிலோமீட்டர் அனுப்பினால் பாதி ஓடாகத்தான் போய்ச் சேரும். அந்தந்த ஊர்க் குயவர் செய்வதே சரி. பானை ஒருமுறை வாங்கினால் வருடக்கணக்கில் நிற்கும். தொடர்ந்து வருமானம் தருவது மக்க வைக்கும் தூளும், வீட்டுக்கு வந்து பராமரித்துக் கொடுக்கும் சேவையும், அடுக்குமாடிகளுக்கான பெரிய தொட்டிகளும். நம் பொள்ளாச்சிக்கும் இந்த வியாபாரத்தில் பங்கு உண்டு. ஒரு காலத்தில் கயிற்று மில்களைச் சுற்றிக் குவிந்து தொல்லையாகக் கிடந்த நார்த்தூளை இன்று அங்கே கட்டிகளாக அழுத்தி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள்.

வீட்டுக்கு வீடு பானை வைத்துவிட்டால் நகரம் சுத்தமாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஓட்டல், மண்டபம், சந்தை இவற்றின் குப்பைக்குப் பெரிய ஏற்பாடு வேண்டும். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லின. நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் குப்பை போடுபவர்களுக்குத் தனிப் பொறுப்பும் வைத்தன. ஈரக் குப்பை பானைக்குள் போய்விட்டால், மிச்சம் இருக்கிற காகிதமும் பிளாஸ்டிக்கும் சாம்பார் படாமல் இருக்கும். பெங்களூரில் ‘ஹசிரு தளா’ அமைப்பைச் சேர்ந்த குப்பை பொறுக்குவோர் உலர்கழிவு மையங்களை நடத்துகிறார்கள். அழுகலைக் கையால் கிளறாமல் அவர்களால் பிரிக்க முடிவதும், பொருளுக்கு விலை கிடைப்பதும் நம் அடுக்களையில் செய்கிற இந்தச் சின்ன வேலையால்தான்.

இப்போது குடியிருப்போர் சங்கங்களைச் சுற்றி, ஒரே நாளில் உரம் தருவதாகச் சொல்லி மின்சார இயந்திரம் விற்பவர்கள் வருகிறார்கள். பல இயந்திரங்கள் செய்வது நறுக்கிச் சூடேற்றிக் காய வைப்பது மட்டுமே. ஒரு நாளில் எதுவும் முழுசாக மக்காது. உங்கள் சங்கத்துக்கும் வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தூளில் ஒரு பிடி வாங்கி, லேசாக நனைத்து, பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வையுங்கள். திறக்கும்போது மழை பெய்த மண் வாசனை வந்தால் உரம். புளித்து நாறினால் இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, அருகில் சூளை வைத்திருக்கிற குயவர் யார் என்று விசாரியுங்கள்.